பிரித்தால் சரக்கு, கலந்தால் குப்பை



மாலை ஆறு மணி. கடையில் கூட்டம் நெரிகிற நேரம். அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள். கல்லாவுக்குக் கீழே செருகி வைத்திருந்த கேரி பேக் கட்டு வெளியே வருகிறது. வாடிக்கையாளர்களின் கண் முன்னாலேயே அபராத ரசீது எழுதப்படுகிறது. "மேலே சரம் சரமாகத் தொங்குகிறதே, அது பிளாஸ்டிக் இல்லையா? அதை விற்கலாம், இதைக் கொடுக்கக் கூடாதா?" என்று நம் உறுப்பினர் கேட்கிறார். பதில் கிடைப்பதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்காத வணிகர் இன்று தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேள்வியோடு நாம் நின்றுவிட்டால் அபராதமும் நிற்காது, குப்பையும் குறையாது. ஆகவே பிளாஸ்டிக் குப்பை என்பது என்ன, அதில் எது விலை போகிறது, எது போவதில்லை, சட்டம் யாரை என்ன செய்யச் சொல்கிறது, நமது பங்கு எது, மற்றவர் பங்கு எது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பொட்டலத்திலிருந்து பாலிதீனுக்கு

நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எண்ணெய்க்குத் தூக்குவாளி, புளிக்கும் வெல்லத்துக்கும் இலை, பருப்புக்குக் காகிதப் பொட்டலமும் சணலும், மொத்தமாக வாங்க வருபவர் கையில் மஞ்சள் பை. பொட்டலம் மடிக்கத் தெரிந்த பையன் கடைக்கு ஒரு சொத்து. பிறகு பாலிதீன் வந்தது. விலை மலிவு, நனையாது, கிழியாது, மடிக்க நேரமும் வேண்டாம். அதை நாம் விரும்பி ஏற்றோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரும் பை கொண்டுவரும் வழக்கத்தை விட்டார்.

உறையிட்ட சரக்கிலும் மாற்றம் வந்தது. ஷாம்பு என்பது பணக்காரர் வீட்டு பாட்டில் என்ற நிலையை மாற்றியதில் நம் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. அவ்வூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் சிறு உறையில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டினார். அவருடைய மக்கள் வெல்வெட், சிக் என்ற பெயர்களில் 1980-களில் அதை நாடெங்கும் கொண்டு சென்றனர். கூலி வேலை செய்பவரும் ஒரு தலைக்குளியலுக்கு ஷாம்பு வாங்க முடிந்தது. வணிகத்துக்கு அது பெரிய வரவு. ஆனால் அந்தச் சிறு உறை எங்கே போய்ச் சேரும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. வளரும் நாடுகள் அனைத்திலும் நடந்த கதை இதுதான். வாங்கும் சக்தி சிறுகச் சிறுக வந்ததால் பொருளும் சிறு சிறு உறைகளில் வந்தது. உறை கிராமம் வரை போய்ச் சேர்ந்தது. குப்பை வண்டி போய்ச் சேரவில்லை.

மைக்ரான் கணக்கு

சட்டத்தில் அடிக்கடி வரும் சொல் 'மைக்ரான்'. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பையின் தாள் எவ்வளவு கனம் என்பதை இது குறிக்கிறது.

கனம் ஏன் முக்கியம்? வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள பையை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மைக்ரான் கனத்தில் அது நான்கரை கிராம்கூட இராது. ஒரு கிலோ சேர்க்க ஏறத்தாழ 225 பைகளைப் பொறுக்க வேண்டும். 50 மைக்ரானில் 90 பைகள் போதும். 120 மைக்ரானில் 38 பைகளே ஒரு கிலோ. சாக்கடையில் குனிந்து நிமிர்ந்து ஒரு கிலோவுக்கு 225 பை பொறுக்க எந்தத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும்? அதனால்தான் மெல்லிய பை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. சாக்கடையை அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது, மழைக்காலத்தில் தெருவை வெள்ளக்காடாக்குகிறது.

மத்திய அரசு இதை உணர்ந்தே கனத்தைப் படிப்படியாக உயர்த்தியது. 1999 விதிகளில் 20 மைக்ரான், 2011-ல் 40, 2016-ல் 50, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. கனம் கூடினால் விலை கூடும், விலை கூடினால் இலவசமாகக் கொடுப்பது குறையும், கொடுத்ததும் காயலான் கடைக்குத் திரும்பும் என்பது கணக்கு.

தமிழ்நாட்டுச் சட்டம் வேறு

இங்கேதான் நம் உறுப்பினர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். "120 மைக்ரான் பைதான், தைரியமாக வாங்குங்கள்" என்று வெளிமாநிலச் சரக்கைத் தள்ளிவிடும் முகவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு செல்லாது. 2018 ஜூன் 25-ஆம் தேதியிட்ட அரசாணையின்படி, 2019 ஜனவரி 1 முதல், எந்தக் கனத்தில் இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக் தடை செய்யப்பட்டது. உணவு கட்டும் தாள், மேசை விரிப்பு, தெர்மகோல் தட்டு, தெர்மகோல் குவளை, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, பிளாஸ்டிக் தேநீர்க் குவளை, டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் பூசிய பை, துணிபோலத் தோன்றும் நான் ஓவன் பை, கொடி ஆகியவையும் சேர்ந்து மொத்தம் 14 பொருள்கள். பால், தயிர், எண்ணெய், மருத்துவப் பொருள்களின் உறைகளுக்கு அன்று விலக்கு அளிக்கப்பட்டது.

காகிதக் குவளைத் தடையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 அக்டோபரில் அத்தடை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. நான் ஓவன் பையை மட்டும் மறுபடி ஆராயச் சொன்னது நீதிமன்றம். பார்வைக்குக் காகிதமாக இருந்தாலும் குவளையின் உட்பூச்சு பிளாஸ்டிக்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இதற்கு மேல், நாடு முழுவதற்கும் 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் உண்டு. இனிப்புப் பெட்டி மேல் சுற்றும் மெல்லிய தாள், ஐஸ்கிரீம் குச்சி, பிளாஸ்டிக் கரண்டி, அலங்காரத் தெர்மகோல் போன்றவை அதில் அடங்கும்.

அபராதம் எவ்வளவு? 2019 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, தடை செய்த பொருளைச் சேமித்து வைத்தல், வழங்குதல், கொண்டு செல்லுதல், விற்றல் ஆகியவற்றுக்கு முதல் முறை ரூ.25,000, இரண்டாம் முறை ரூ.50,000, மூன்றாம் முறை ரூ.1 லட்சம். பயன்படுத்தும் பெரிய வணிக நிறுவனங்களுக்கு ரூ.10,000, 15,000, 25,000. மளிகை, மருந்துக் கடை போன்ற நடுத்தரக் கடைகளுக்கு ரூ.1,000, 2,000, 5,000. சிறு வணிகர்களுக்கு ரூ.100, 200, 500. அதற்கு மேலும் தொடர்ந்தால் உரிமத்துக்கே ஆபத்து. மொத்த வியாபாரிகள் முதல் வரியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். கிடங்கில் பழைய இருப்பு ஒரு மூட்டை கிடந்தாலும் அது 'சேமித்து வைத்தல்'தான்.

ஒரு நாள் குப்பையைத் தரையில் கொட்டினோம்

இவ்வளவு சட்டம் இருந்தும் குப்பை ஏன் குறையவில்லை என்று அறிய, நாங்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். நம் உறுப்பினர் ஒருவருடைய மளிகைக் கடையில் ஒரு நாள் சேர்ந்த குப்பை முழுவதையும் இரவு கடை கட்டிய பிறகு தரையில் கொட்டினோம். பக்கத்துத் தெருக் காயலான் கடைக்காரரையும் வரவழைத்தோம்.

அவர் கை தானாகவே வேலை செய்தது. அட்டைப் பெட்டிகள் முதலில் போயின. அடுத்து தண்ணீர் பாட்டில்கள். அடுத்து எண்ணெய் கேன்கள். சர்க்கரை மூட்டையின் பின்னல் சாக்கு. பண்டல்களைச் சுற்றி வந்த கனமான, சுத்தமான பாலிதீன் தாள். இவற்றை எடுத்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். தரையில் மீதி கிடந்தவை பிஸ்கட், சிப்ஸ் உறைகளும், ஷாம்புச் சரத்தின் துண்டுகளும், எண்ணெயும் தூசியும் அப்பிய மெல்லிய கவர்களும், தேநீர் ஊறிய குவளைகளும்தான்.

"இந்தக் கவரும் நீங்கள் எடுத்த தாளும் ஒரே ஜாதிதானே, இதை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டோம்.

"ஜாதி ஒண்ணுதான் அண்ணாச்சி. அது சுத்தமா இருக்கு, இது குப்பையோட புரண்டிருக்கு. கழுவுற கூலிக்கு ஆகாது. காலையிலேயே தனியா ஒரு சாக்குல போட்டிருந்தீங்கன்னா இதையும் எடுத்திருப்பேன்" என்றார்.

"இந்தச் சிப்ஸ் உறை?"

"அதை எப்படிக் குடுத்தாலும் எனக்கு வேண்டாம்."

அந்தத் தரையில் நாங்கள் கண்டது மூன்று குவியல்கள். ஒன்று, எப்படியும் விலை போவது. இரண்டு, பிரித்து வைத்திருந்தால் விலை போயிருக்கக் கூடியது. மூன்று, என்ன செய்தாலும் விலை போகாதது. பிளாஸ்டிக் குப்பையின் சிக்கல் முழுவதும் இந்த மூன்று குவியல்களுக்குள் அடங்கிவிடுகிறது.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட் - தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். உருக்கி இழையாக்கித் துணிகூட நெய்கிறார்கள். 2 என்றால் கடினமான பாலிதீன் - எண்ணெய் கேன், ஷாம்பு பாட்டில். 4 என்றால் மென்மையான பாலிதீன் - பால் உறை, பண்டல் தாள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன் - பின்னல் சாக்கு, பல டப்பாக்கள். இந்நான்குக்கும் சுத்தமாகக் கிடைத்தால் சந்தை உண்டு. 3 என்பது பி.வி.சி.; இதை எரித்தால் டையாக்சின் போன்ற கொடிய நச்சுப் பொருள்கள் காற்றில் கலக்கும். 6 என்பது தெர்மகோல் இனம். வண்டி நிறைய ஏற்றினாலும் எடை நிற்காது. 7 என்பது மற்றவை.

சிப்ஸ், ஷாம்பு உறைகள் ஏன் விலை போகவில்லை? ஓர் உறைக்குள் இரண்டு மூன்று வகைத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கின்றன. நடுவில் அலுமினியப் பூச்சும் இருக்கும். ஈரமும் காற்றும் புகாமல் பண்டம் மொறுமொறுப்பாக இருப்பது அதனால்தான். ஒட்டியதைத் திரும்பப் பிரிப்பது ஆகாத செலவு. இத்தகைய உறைகளைச் சிமெண்ட் ஆலைகளின் சூளையில் நிலக்கரிக்குத் துணையாக எரிக்கிறார்கள். சாலை போடுவது மற்றொரு வழி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பிளாஸ்டிக் துகள்களைச் சூடான ஜல்லியின் மேல் பூசித் தாரோடு கலக்கும் முறையைக் கண்டார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் சூளையாக இருந்தாலும் சாலையாக இருந்தாலும், உறை மண்ணும் ஈரமும் இல்லாமல் வந்து சேர வேண்டும். மறுபடியும் பிரிப்பதில்தான் வந்து நிற்கிறோம்.

கலந்ததன் விலை என்ன என்பதற்குச் சென்னையே சாட்சி. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் கலந்து கொட்டிய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை அண்மை ஆண்டுகளில்தான் தொடங்கியது. அன்று கடை வாசலில் இலவசமாகப் பிரித்திருக்கக் கூடியதை இன்று இயந்திரம் வைத்து, வரிப்பணம் செலவழித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் கிடைப்பது மண் அப்பிய பிளாஸ்டிக்தான்.

தடை மட்டும் போதுமா?

வங்காள தேசத்தைப் பாருங்கள். 1988, 1998 ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் டாக்கா நகரின் வடிகால்களைப் பாலிதீன் பைகள் அடைத்துக்கொண்டன. அதன் பின் 2002-ல் மெல்லிய பாலிதீன் பையை உலகிலேயே முதலாவதாகத் தடை செய்த நாடு அது. சணல் விளையும் பூமி வேறு. இருந்தும் சில ஆண்டுகளில் பாலிதீன் சந்தைக்குத் திரும்பி வந்தது. அதே விலையில் மாற்றுப் பை கிடைக்கவில்லை, தொடர்ந்த கண்காணிப்பும் இல்லை. 2024-ல் மறுபடியும் பேரங்காடிகளிலிருந்து தடையைத் தொடங்க வேண்டியதாயிற்று.

நம் அனுபவமும் வேறல்ல. நாம் பை கொடுக்க மறுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போகிறார், அங்கே கிடைக்கிறது. சட்டத்தை மதித்தவர் வியாபாரத்தை இழக்கிறார். தடை எல்லார் மீதும் ஒன்றுபோல் விழுந்தால்தான் நேர்மையானவர் பிழைக்க முடியும். தயாரிக்கும் இடத்தை விட்டுவிட்டுத் தள்ளுவண்டிக்காரரிடம் நூறு ரூபாய் வசூலிப்பதால் ஊற்று அடைபடாது.

உற்பத்தியாளர் கடமை

மூன்றாவது குவியல் நம் கையில் இல்லை என்றோம். அது யார் கையில்? 2016 விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்றன. கெடு முடியும் 2018-லேயே விதி திருத்தப்பட்டது. எரிபொருளாகவோ வேறு உபயோகத்துக்கோ ஆகக்கூடிய உறைகள் தொடரலாம் என்றாயிற்று. சிமெண்ட் சூளையில் எரியாத உறை உண்டா? ஆகவே கெடு காகிதத்தோடு நின்றது.

அதே 2016 விதிகள், பை கொடுக்க விரும்பும் கடைக்காரர் மாதம் ரூ.4,000 வீதம் ஆண்டுக்கு ரூ.48,000 கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்றும் கூறின. 2018 திருத்தத்தில் அதுவும் நீக்கப்பட்டது. நமக்கு அது நிம்மதி என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம்.

2022 பிப்ரவரியில் வந்த நெறிமுறைகள் நிலைமையை ஓரளவு மாற்றின. உறையிட்டு விற்கும் கம்பெனி, தான் சந்தையில் விட்ட பிளாஸ்டிக்கின் எடைக்கு ஈடாகத் திரட்டிச் செயலாக்கிக் கணக்குக் காட்ட வேண்டும். 2023-24 முதல் இந்தக் கடமை 100 சதவீதம். ஆனால் அந்தத் திரட்டும் வேலை பெரும்பாலும் சான்றிதழ் வாங்குவதில் முடிகிறது. சரக்கு இறக்க வாரந்தோறும் வரும் கம்பெனி வண்டி, நம் கடையிலிருந்து காலி உறையை ஏற்றிக்கொண்டு போவதில்லை. வரும் வழி இருக்கிறது, போகும் வழி இல்லை.

திரும்பப் பெறுவது முடியாத காரியமா? சோடா பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி, பாட்டில் வந்ததும் திருப்பித் தந்தவர்கள் நாம். நீலகிரியில் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலின் பேரில் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு ரூ.10 கூடுதலாக வாங்கித் திரும்பக் கொடுக்கும் முறை வந்தது. காட்டில் வீசப்பட்ட பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. பத்து ரூபாய் செய்த வேலையைப் பத்து அறிவிப்புப் பலகைகள் செய்யவில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. கடையின் பின்புறம் மூன்று சாக்குகள் மாட்டுங்கள். பாட்டிலும் கேனும் ஒன்றில், சுத்தமான பாலிதீன் தாள் ஒன்றில், பல அடுக்கு உறைகள் ஒன்றில். ஈரக் குப்பைக்குத் தனிக் கூடை. பண்டல் பிரிக்கும் பையனுக்கு ஒரு நாள் சொல்லிக் கொடுத்தால் போதும்.

2. ஒரே தெருவில் உள்ள பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு காயலான் கடைக்காரரோடு பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். தனிக்கடைச் சரக்குக்கு வராதவர் தெருச் சரக்குக்கு வருவார். வரும் பணம் கடைப் பையன்களின் தேநீர்ச் செலவுக்காகட்டும்.

3. மூன்றாவது சாக்கை நகராட்சி வாகனத்தில் தனியாகவே கொடுங்கள். ஒருபோதும் கொளுத்தாதீர்கள்.

4. துணிப்பையை அடக்க விலைக்கே வையுங்கள். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்குப் பின் பை கேட்டு வாங்குவதில் கூச்சம் குறைந்திருக்கிறது. பையோடு வருபவருக்கு முதலில் எடை போட்டுக் கொடுங்கள். செலவில்லாத மரியாதை அது.

5. பழைய வழக்கம் என்று செய்தித்தாளில் உணவுப் பண்டம் கட்டாதீர்கள். அச்சு மை உணவில் இறங்கும். 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்கின்றன. அச்சில்லாத காகிதமும் இலையுமே தக்கவை.

6. 'மக்கும் பை' என்று அச்சிட்டதையெல்லாம் நம்பி வாங்காதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றைக் கேளுங்கள். சான்று காட்டாதவரின் சரக்குக்கு அபராதம் கட்டப்போவது நாம்தான்.

நமது கோரிக்கை

நம் பங்கைச் செய்துவிட்டுக் கேட்டால்தான் குரலுக்கு வலு இருக்கும். கேட்க வேண்டியவை மூன்று. தடை செய்த பொருளைத் தயாரிக்கும் இடத்திலேயே நடவடிக்கை வேண்டும். நாம் பிரித்துக் கொடுப்பதை மறுபடி ஒரே வண்டியில் கொட்டிக் கலக்கக் கூடாது. உறையிட்டு விற்கும் கம்பெனிகள், சரக்கு இறக்கும் வண்டியிலேயே காலி உறையைத் திரும்பப் பெற்று, கிலோவுக்கு ஒரு விலையும் தர வேண்டும்.

கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைக்கும் பொருளோடு எந்த வணிகனும் நிம்மதியாகத் தொழில் செய்ய முடியாது. எடை போடவும், தரம் பிரிக்கவும், இனம் பார்த்து விலை சொல்லவும் நம்மைவிடத் தெரிந்தவர் யார்? அரிசியில் கல்லைப் பிரித்த கை, குப்பையில் சரக்கைப் பிரிக்கத் தயங்க வேண்டியதில்லை. இந்த வாரமே மூன்று சாக்குகளை மாட்டுவோம். அடுத்த பொதுக்குழுவில் அவரவர் அனுபவத்தோடு சந்திப்போம்.